பக்கத்துக் கடையில் சொன்ன குறை

சாவிக்காரர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"ஏண்ணே, நீங்க செஞ்சு குடுத்த காலு கடிக்குதாமே? காலுதான் செய்றீங்களா, இல்ல நாய்க்குட்டி வளக்குறீங்களா?"

மாவுக்கட்டு மாவில் வார்த்த கால் அச்சை மடியில் வைத்து அரத்தால் ராவிக்கொண்டிருந்த கால்காரர் கையை நிறுத்தினார்.

"யாரு சொன்னது?"

"அந்தப் பழக்கிடங்குப் பொண்ணுதான். காலைல என் கடைக்கு வந்துச்சு. பூட்டு வாங்க வந்திருக்கும்னு பாத்தேன். பூட்டையும் பாக்கல, சாவியையும் பாக்கல. 'பக்கத்துல ஐயா செஞ்ச காலு வெளிப்பக்கத்து எலும்புல கடிக்குது'ன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான், தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு."

"என்கிட்ட நல்லா இருக்குன்னு சொல்லிச்சேய்யா."

"அதான் எனக்கும் வெளங்கல. பல்லு வலிக்குதுன்னு செருப்புக் கடைக்குப் போன கதையால்ல இருக்கு!"

சாவிக்காரர் தாமே சிரித்துவிட்டுத் தம் கடைக்குப் போய்விட்டார். சொன்னவருக்கு அது அத்தோடு முடிந்தது. கேட்டவருக்கு முடியவில்லை.

கால்காரர் என்பது தெரு வைத்த பெயர். விபத்திலோ நோயிலோ கால் போனவர்களுக்கு அவர் இருபத்திரண்டு வருடமாகச் செயற்கைக் கால் செய்து கொடுத்துவருகிறார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பிளாஸ்டிக் தகட்டை இளக்குகிற அடுப்பும் சோறு வேகிற அடுப்பும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. அவர் மனைவி வார் தைப்பாள். வெட்டுப்பட்டு மிச்சமிருக்கும் காலுக்குப் போடப் பருத்தி உறை தைப்பாள். வருகிறவர்கள் அழுதால் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கல்லூரியில் படிக்கும் மகள், வருகிறவர்களின் அளவுகளை நோட்டில் எழுதிவைப்பாள்.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. குணத்தில் ஒரு முள் உண்டு. எதையும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். முதல் நாள் வருகிற ஒவ்வொருவரிடமும் அளவு எடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு, பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு. ஆனா என் மூஞ்சியைப் பாத்து சொல்லு." ஒருகாலத்தில் அவருடைய தம்பி ஊரெல்லாம் இவரைப்பற்றிப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தால் அண்ணா அண்ணா என்று குழைவான். அதில்தான் குடும்பம் இரண்டாயிற்று. அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

பழக்கிடங்குப் பெண்ணும் அவளுடைய அண்ணனும் மலைக்கு அந்தப் புறத்திலிருந்து நான்கு வருடத்துக்கு முன்னால் வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் ஆட்கள் முப்பது நாற்பது குடும்பம் கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் இருந்தது. வந்த ஒரு வருடத்திலேயே இந்த ஊர்ப் பேச்சைத் தடுக்கல் இல்லாமல் பேசக் கற்றுக்கொண்டார்கள். மொழியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஏழு மாதத்துக்கு முன்னால் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டி சரிந்து அவள் கால்மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். பழம் பிரிக்கிற மேசையில் அவளுடைய இடத்தை வருகிற முதல் தேதி வரைக்கும் வைத்திருப்பதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அன்றைக்கு வந்து எட்டு மணி நேரம் நிற்க முடிந்தால் இடம் அவளுக்கு. முடியாவிட்டால் வேறு ஆள். வேலை போனால் கொட்டகையும் போகும்.

அதனால் கால்காரர் இரவு பகல் பார்க்காமல் செய்து கொடுத்திருந்தார். கால் நுழைகிற பகுதியை அந்த வீட்டில் கிண்ணம் என்பார்கள். கிண்ணம் சரியாக அமைந்தால்தான் கால். போட்டுப் பார்க்கிற நாளில் இரண்டு கம்பிப் பிடிகளுக்கு நடுவே அவளை நடக்கவிட்டு மூன்று தடவை கேட்டார்.

"எங்கயாவது உறுத்துதாம்மா?"

"ரொம்ப நல்லா இருக்கு ஐயா."

"வெக்கப்படாம சொல்லு."

"நல்லா இருக்கு ஐயா. உங்க கைக்குப் புண்ணியம்."

சொல்லும்போது அவள் கண்கள் தரையில் இருந்தன. வலிதாங்கி நடக்கிறவளுக்கு நெற்றியில் வேர்ப்பதும், மழைக்கு முந்தைய புழுக்கத்தில் எல்லோருக்கும் வேர்ப்பதும் ஒரே மாதிரிதான் இருக்கும். யாரும் கவனிக்கவில்லை.

சாவிக்காரர் வந்து சொன்னதற்கு மறுநாள் அவள் வந்தாள். பட்டறை வாசலில் நின்று, ஏதோ எதிர்பார்க்கிற முகத்தோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் கால்காரர். இப்போதாவது சொல்கிறாளா பார்ப்போம் என்று கேட்டார்.

"நல்லா இருக்கு ஐயா."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு ஐயா."

"நல்லா இருந்தா இங்க எதுக்கு வந்த? ஊரெல்லாம் என் வேலையைப் பத்திப் பேசிட்டு, என் முன்னால வந்து நல்லா இருக்கு நல்லா இருக்குன்னா? போம்மா, போ. யார்கிட்ட சொன்னியோ அவர்கிட்டயே போய்க் காலு வாங்கிக்க."

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிதானித்தாள், போய்விட்டாள். சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

வானம் ஒரு வாரமாக இறங்கி வந்து நின்றது. பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. ஈரக் காற்றில் மாவு அச்சுகள் காயாமல் பிசுபிசுத்தன. கால்காரர் ஓர் அச்சை எடுப்பார், கீழே வைப்பார், திருகாணிப் பெட்டியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தரையில் கொட்டுவார், பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பார். திரும்பி வரும்போது திருகாணியை மிதித்துத் திட்டுவார்.

"யாரைத் தேடுறீங்க?" என்பாள் மனைவி.

"நான் யாரையும் தேடல. மழை வருமான்னு பாத்தேன்."

அவளுக்கும் கை ஓடவில்லை. வார் தையல் கோணிக்கொண்டு போயிற்று. பிரித்துத் தைத்தால் மறுபடியும் கோணிற்று. தினமும் விடியலில் பிரார்த்தனைக்கு உட்காரும்போது மற்ற வேண்டுதல் எல்லாம் வரிசையாக வரும். இந்தப் பெண்ணுடைய முகம் வந்ததும் வரிசை கலைந்துவிடும். 'அந்தப் பொண்ணு வராம இருக்கிறது சௌக்கியத்தாலதான்னு இருக்கட்டும் கடவுளே' என்று முடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். முடிந்தது மாதிரி மட்டும் இராது.

எட்டாவது நாள் சோறு வடித்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"எங்க?" என்றார்.

"பழம் வாங்க."

"கிடங்குல சில்லறைக்குத் தர மாட்டாங்களே."

"தராட்டி பாத்துட்டு வரேன்."

அவர் தடுக்கவில்லை. அதையும் அவள் கவனித்தாள்.

கிடங்கில் லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன்காரன் அவளைப் பார்த்ததும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தான். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "வாங்கக்கா" என்று கொட்டகைக்குக் கூட்டிப்போனான்.

தங்கை ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் பாவாடையை இழுத்துக் காலை மூடினாள். செயற்கைக் காலை மாட்டியபடியேதான் இருந்தாள்.

"கழட்டும்மா, பாக்கலாம்."

"நல்லா இருக்குக்கா."

"நல்லா இருக்கிறதைத்தான் பாக்க வந்தேன். கழட்டு."

பருத்தி உறை சதையோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் கேட்டு வாங்கி நனைத்து நனைத்து உரித்தாள். வெளிப்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு துருத்துகிற இடத்தில் ஒரு நாணய அகலத்துக்குத் தோல் போய்ச் சீழ் வைத்திருந்தது.

"அடி பாவிப் பொண்ணே! இதை வெச்சுக்கிட்டா நடந்த? இத்தனை நாளா?"

"பழகிடும்னு நெனச்சேன். முதல் தேதிக்கு நிக்கணுமேக்கா."

"எங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் கண்ணில் கோபம் தெரிந்தது.

"சொன்னேனே! அடுத்த நாளே வந்து சொன்னேன். சாவிக் கடை அண்ணன்கிட்ட சொன்னேன். ஐயா சரிபண்ணித் தருவாருன்னுதான் மறுநாள் வந்து உக்காந்தேன். அவரு போன்னுட்டாரு. சரிபண்ண அவருக்கு மனசில்லன்னு வந்துட்டேன்."

"சாவிக்காரர்கிட்ட எதுக்கும்மா சொன்ன? என் வீட்டுக்காரருகிட்டல்ல சொல்லணும்?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் சபையில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"செஞ்சவருகிட்டயேவாக்கா?" என்றான் அண்ணன். "அது எப்படிச் சொல்றது? ஒருத்தர் நமக்குன்னு கையால செஞ்சு குடுத்ததை அவர் முன்னாடியே குறை சொன்னா, உன் பொருளும் வேணாம், உன் உறவும் வேணாம்னு திருப்பிக் குடுத்த மாதிரி. எங்க பக்கம் குயவர்கிட்ட பானை வாங்கி ஒழுகினாக்கூட அவருகிட்ட பேச மாட்டோம். அவருக்குப் பக்கத்து வீட்டுல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவோம். அவங்க பதமா கொண்டுபோய்ச் சேப்பாங்க. மறுநாள் குயவர் ஒண்ணும் கேக்காம வேற பானை எடுத்து வைப்பாரு. நாங்களும் ஒண்ணும் சொல்லாம எடுத்துட்டு வருவோம். அவருக்கும் கௌரவம், எங்களுக்கும் கௌரவம்."

"பக்கத்து வீட்டுல சொல்லலன்னா?"

"பக்கத்து வீட்டுலகூட சொல்லலன்னா, அந்த ஆளை அடியோட வெறுத்துட்டோம்னு அர்த்தம்."

கால்காரர் மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தப் பெண் தேடிப்பிடித்த ஆள், தெருவிலேயே வாய்க்குப் பூட்டுப் போடாத சாவிக்காரர்!

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நர்ஸம்மா புண்ணைச் சுத்தம் செய்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள். "பத்து நாளைக்குக் காலு மாட்டக் கூடாது. இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டிருந்தா முட்டிக்கு மேல எடுக்க வேண்டி வந்திருக்கும்." முதல் தேதிக்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் எல்லாவற்றையும் சொன்னபோது கால்காரர் தட்டில் கை வைத்தபடி கேட்டார். பிறகு வெடித்தார்.

"அதுக்கு நான் என்ன பண்றது? நான் என்ன ஜோசியக்காரனா? மூணு தடவை கேட்டேன். வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? பக்கத்து வீட்டுல சொல்லுவாங்களாம், அவன் வந்து சொல்லுவானாம்! இது என்ன வழக்கம்? உலகத்துல எங்கயாவது உண்டா?"

"இந்த வீட்டுல உண்டு."

"என்ன?"

"போன வாரம் பருப்புல உப்பு இல்ல. என்கிட்டயா சொன்னீங்க? மகளைக் கூப்பிட்டு, 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?'ன்னு கேட்டீங்க."

"அது வேற."

"புதுப் புடவை கட்டினா அது நல்லா இல்லன்னு சொல்றதுக்கு வழியில போற பூனைகிட்டப் பேசுவீங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, போன வருஷம் நீங்க ரெண்டு பேரும் நாலு நாள் பேசாம இருந்தீங்களே. 'உங்கம்மாவை மருந்து சாப்பிடச் சொல்லு', 'உங்கப்பாவைக் குளிக்கச் சொல்லு'ன்னு நடந்து நடந்து எனக்குக் காலு தேஞ்சு போச்சு. எனக்கே ஒரு காலு செஞ்சு குடுக்க வேண்டியிருந்திருக்கும்."

"நாம ஜாடை பேசினா அது கோவத்துல பேசுறது," என்றாள் மனைவி. "அவங்க பேசினா மரியாதைல பேசுறாங்க. வித்தியாசம் அவ்வளவுதாங்க. நாமளும் நேரா பேசுற சாதி ஒண்ணும் இல்ல."

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார்.

"புண்ணு எவ்வளவு இருக்கு?"

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினாள். அவர் எழுந்து கை கழுவினார். பட்டறைக்குப் போய் அந்தப் பெண்ணுடைய மாவு அச்சை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார்.

காலில் எலும்பு துருத்துகிற இடங்களை ஊதாப் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் மாவுத்துணி சுற்றுவது வழக்கம். குறி அச்சில் பதியும். பதிந்த இடத்தில் மாவு கூட்ட வேண்டும். அப்போதுதான் கிண்ணத்தில் எலும்புக்கு இடம் கிடைக்கும். முன்பக்கத்துக் குறி தெளிவாக இருந்தது. வெளிப்பக்கத்துக் குறி வேர்வையிலோ புழுக்கத்திலோ கலைந்து, வெறும் அழுக்குபோல இருந்தது. கூட்ட வேண்டிய இடத்தில் அவர் ராவியிருக்கிறார். பெருவிரலால் தடவிப் பார்த்தார். சந்தேகமே இல்லை.

அவள் சொன்னது நிஜம். பக்கத்துக் கடையில் சொன்ன குறை, எலும்பின் பெயர் தெரியாதவள் சொன்ன குறை, அரை விரல்கூடத் தப்பாமல் சரியான இடத்தைச் சொல்லியிருந்தது.

அச்சில் மாவு கூட்டினார். ஈரக் காற்றில் அது காயாமல் அடம்பிடித்தது. ஒரு மரப்பெட்டியில் அச்சைக் கவிழ்த்து உள்ளே பல்பு எரியவிட்டுக் காவல் காத்தார். நான்காம் நாள் காய்ந்ததும் மெல்லிய தாளால் தேய்த்தார். தகட்டை அடுப்பில் இளக்கி, அப்பளம்போல் தொய்கிற பதத்தில் எடுத்து அச்சின்மேல் போர்த்தினார். ஆறியபின் பார்த்தார், ஓரத்தில் ஒரு மடிப்பு. யாருக்கும் தெரியாத மடிப்பு. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி போர்த்தினார். மழையும் அன்றைக்குத்தான் வந்தது.

பதினோராம் நாள் காலை, நர்ஸம்மா சரி என்று சொன்ன பிறகு, அண்ணன் தங்கையைக் கூட்டிவந்தான். அவளாக வந்திருக்க மாட்டாள். இரண்டு ஊன்றுகோல்களில் வந்து, போன தடவை உட்கார்ந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

அதற்கு முன்பே கால்காரர் மனைவி பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாள்.

"தம்பி, கொஞ்ச நேரம் பட்டறையில வந்து உக்காருங்க."

"எதுக்கு அண்ணி? எனக்குக் கடை இருக்கே."

"பூட்டுக்கெல்லாம் காலா இருக்கு, ஓடிப்போறதுக்கு? வாங்க. இன்னைக்கு உங்களுக்கு வேலை வாயில."

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. தான் அடித்த நாய்க்குட்டி ஜோக் என்ன செய்தது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கடையைச் சாத்திவிட்டு வந்து, பரீட்சை எழுத வந்தவர்போலப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புதுக் காலை மாட்டியாயிற்று. கம்பிப் பிடிகளுக்கு நடுவே அவள் போனாள், வந்தாள், போனாள். வந்து நின்றாள்.

கால்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். எங்கயாவது உறுத்துதா என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். மெல்லத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி, சுவர் அலமாரியில் எதையோ தேடத் தொடங்கினார். அங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லை.



அவள் அண்ணனைப் பார்த்தாள்; அவன் தலையசைத்தான். சாவிக்காரர் பக்கம் திரும்பி, மிகத் தாழ்ந்த குரலில், ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அண்ணே... ஐயா செஞ்ச காலு இப்ப அந்த இடத்துல கடிக்கல. குதிகால் மட்டும் கொஞ்சம் உசரமா இருக்கு. முன்னால தள்ளுற மாதிரி இருக்கு."

சாவிக்காரர் தொண்டையைச் செருமினார். நான்கு அடி தூரத்தில் இருந்தவரிடம், ஊர் விட்டு ஊர் செய்தி கொண்டுவந்தவர்போலச் சொன்னார்.

"அண்ணே, பழைய இடம் இப்ப கடிக்கலியாம். குதிகால்தான் உசரமாம். முன்னால தள்ளுதாம்."

ஒரு சொல்கூட அவர் சேர்க்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் அது பெரிய காரியம்.

கால்காரர் அலமாரியைப் பார்த்தபடியே, "எவ்வளவு உசரம்னு கேளு" என்றார்.

"எவ்வளவும்மா?"

"ஒரு தீக்குச்சி கனம் இருக்கும்ணே."

"ஒரு தீக்குச்சி கனமாம்ணே."

கால்காரர் திரும்பினார். அவளைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து பாதத்தைக் கழற்றி, தீக்குச்சி அளவுக்குத் தேய்த்து மறுபடி மாட்டினார். அவள் நடந்தாள். இந்தத் தடவை பிடியைத் தொடவே இல்லை. கோடியில் திரும்பும்போது தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். அப்புறம் வாயைக் கையால் மறைத்தாள்.

கால்காரர் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அரத்தில் ஒட்டியிருந்த தூளைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவர் மனைவிக்கு அந்தத் துடைப்பு தெரியும். இருபத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தத் துடைப்புக்குப் பின்னால் ஒரு சொல் நிற்பதும், அது வெளியே வராமலே போவதும் அவளுக்குத் தெரியும். பெற்ற மகளிடமோ கட்டிய மனைவியிடமோ அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்ட மனிதருக்கு, முகத்துக்கு நேரே சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

"யோவ்," என்றார் சாவிக்காரரைப் பார்த்து.

"சொல்லுங்கண்ணே."

"அன்னைக்கு நான் அந்தப் பொண்ணைப் போகச் சொன்னேன் பாரு. அது தப்பு. காலு கடிச்சது என் கைத்தப்பு. பேசினது என் வாய்த்தப்பு. ரெண்டையும் அவங்ககிட்ட சொல்லிரு."

சாவிக்காரர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கிற அந்த வாய் இரண்டு முறை திறந்து மூடிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் என்ன சொல்றாருன்னா..." என்று தொடங்கியவருக்கு மேலே குரல் எழும்பவில்லை.

அவள் காத்திருந்தாள். பிறகு, அவருக்கு உதவி செய்கிறவள்போல, மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டுருச்சுன்னு ஐயாகிட்ட சொல்லிருங்கண்ணே."